பூட்டிய அறையில் காய்ச்சல்

செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தின் நியூகாசிலுக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகளின் பெட்டியில் என்ன இருக்கும் என்று எனக்கு அத்துப்படி. இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், குட்டி குக்கர், அதோடு அம்மா கட்டிக்கொடுத்த மருந்துப் பொட்டலம். டோலோ 650, இருமல் மருந்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பட்டை ஆன்டிபயாடிக். அந்தப் பொட்டலத்தை நம்பியே பலர் ஆண்டை ஓட்டிவிடுகிறார்கள். எனக்குக் கவலை அங்கேதான்.

போன குளிர்காலத்தில் கடலூர்ப் பையன் ஒருவன் காய்ச்சலோடு அறையிலேயே சுருண்டு கிடந்தான். கூட இருந்தவர்கள் கிடங்கில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அபூர்வம். ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டால், "நெட் சரியில்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்று கேமராவை அணைத்துவிட்டுப் பேசியிருக்கிறான். கட்டிலருகே டோலோ அட்டையும், கடையில் வாங்கிய லெம்சிப் பொட்டலங்களும் கிடந்தன. இரண்டிலும் இருப்பது பாராசிட்டமால்தான். 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் போனால் கல்லீரலுக்கு ஆபத்து. லெம்சிப்பை வெந்நீரில் கரைத்துக் குடிப்பதால் அதைச் சுக்குக் கஷாயம் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தான்.

ஏன் டாக்டரிடம் போகவில்லை என்று கேட்டேன். "பில் எவ்வளவு வரும்னு தெரியலண்ணா" என்றான். எனக்கு மனசே ஆறவில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து மாணவர் விசாவுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணமாக முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள். அவன் அப்பா கடன் வாங்கிக் கட்டிய பணம் அது. அதன் பிறகு ஜிபி என்ற குடும்ப டாக்டரைப் பார்க்கத் தனிக்காசு கிடையாது. இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்குத்தான் ஒரு தொகை உண்டு. 111 என்ற எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைத்து மருத்துவ யோசனை கேட்கலாம். உடம்புக்கு என்னவென்று ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லையென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கவும் வழியிருக்கிறது. நாங்கள் 111-ஐத்தான் கூப்பிட்டோம். அவனுக்கு வந்தது ஃப்ளூ; தேறிவிட்டான்.

எல்லாக் காய்ச்சலும் ஃப்ளூவாக இருக்காது என்பதுதான் என் பயம். மூளைக்காய்ச்சல் ஆரம்பத்தில் அப்படியே ஃப்ளூ போலத்தான் வரும். விடுதியில் நெருக்கமாக இருக்கும் இளைஞர்களிடையே அதன் கிருமி எளிதாகப் பரவும். தோலில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் கண்ணாடி டம்ளரை அதன்மேல் அழுத்திப் பார்க்கச் சொல்வார்கள். அழுத்தியும் மறையாவிட்டால் உடனே அவசர உதவிக்கு 999-ஐ அழைக்க வேண்டும். நம் தோல் நிறத்தில் புள்ளி சட்டென்று தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்புறம் பார்க்க வேண்டும். கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, குழப்பமான பேச்சு இருந்தால் புள்ளிக்காகக் காத்திருக்கவே கூடாது. பூட்டிய அறைக்குள் தனியாகக் கிடப்பவனுக்கு இதையெல்லாம் யார் பார்ப்பது? 25-வது பிறந்தநாள் வரை மூளைக்காய்ச்சலின் நான்கு வகைக் கிருமிக்கான தடுப்பூசி மாணவர்களுக்கு இலவசம். எல்லா வகைக்கும் அது காப்பு இல்லையென்றாலும், போட்டுக்கொள்ளாமல் விடுவது நியாயமில்லை.

வீட்டுக்குள் இன்னொரு ஆபத்து. கடுகு தாளித்தால் புகை அலாரம் அலறும். அதனால் அதன்மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டி வைத்துவிடுகிறார்கள். பார்க்கிற இடத்தில் எல்லாம் நானே அவிழ்த்துவிடுவேன். ஜன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத் தாளித்தால் போதும். குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரங்களைத் துணியால் அடைப்பதும் வேண்டாம். பாய்லர் பழுதானால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

டிசம்பரில் இங்கே மாலை நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். வைட்டமின் டி தினம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்; நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்கள் ஆண்டு முழுக்க எடுப்பது நல்லது. வெளிச்சம் இருக்கும்போதே கொஞ்சம் நடந்துவிட்டும் வர வேண்டும். இருட்டில் எழுந்து இருட்டில் படுத்தால் மனம் தளர்ந்துபோகும். அதையும் ஜிபியிடம் சொல்லலாம், கல்லூரியின் ஆலோசகரிடமும் சொல்லலாம்.

இந்த வருடம் வந்தவர்களிடம், சிம் கார்டு வாங்கிய கையோடு ஜிபி பதிவையும் முடிக்கச் சொல்லியிருக்கிறேன். முகவரிச் சான்று கொண்டுவா, பாஸ்போர்ட் கொண்டுவா என்று வரவேற்பறையில் திருப்பி அனுப்பினால் திரும்பி வந்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் பதிவுக்கு அவை கட்டாயமில்லை. பணிவாக, ஆனால் அங்கேயே நின்று சொல்லுங்கள். தயக்கமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், கூட வருகிறேன்.