சத்தம் போடாத மெஷின்

எங்க பக்கம் சத்தத்துக்குப் பஞ்சமே கிடையாது. திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு போற வழியெல்லாம் விசைத்தறிதான். பகல் பூரா டக்கடக்க, டக்கடக்கன்னு ஓடிட்டே இருக்கும். தறிச் சத்தம் திடீர்னு நின்னா கரண்ட் போயிடுச்சுன்னு அர்த்தம், ஃபேனைப் பார்க்கவே வேண்டாம். அதனால பொங்கலுக்கு வந்த அண்ணன் பையன், "சத்தமே போடாத மெஷின் ஒண்ணு கொண்டாந்திருக்கேன் சித்தப்பா"ன்னு சொன்னதும் ஆசையா எட்டிப் பார்த்தேன்.

உள்ளங்கையில அடங்குற ஒரு போர்டு. மேல ஒரு குட்டி ஃபேன், முன்னாடி தீப்பெட்டியை விடச் சின்னதா ஒரு திரை. பேரு பிட்ஆக்ஸ். பிட்காயின் தோண்டுற மெஷினாம். இதோட வரைபடம் எல்லாம் திறந்த மூலம். யாருக்கும் காப்புரிமைக் காசு கொடுக்காம, தெரிஞ்சவங்க யார் வேணா செஞ்சு விக்கலாம்.

தோண்டுறதுன்னா மண்ணு இல்ல, கல்லு இல்ல. உலகம் பூரா இருக்கிற மெஷினெல்லாம் ஒரு எண்ணைத் தேடி ஓயாம ஊகம் பண்ணிட்டே இருக்குது. சுமாரா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை யாராவது ஒருத்தருக்கு அது அகப்படும். அவருக்கு 3.125 பிட்காயின் பரிசு. 2024 ஏப்ரல் வரைக்கும் இது 6.25-ஆ இருந்துச்சு, நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பாதியாக் குறையும்.

இதைத் தொழிலாச் செய்யறவங்க வெச்சிருக்கிற பெரிய மெஷின் ஒண்ணு 3,000 வாட்டுக்கு மேல இழுக்கும். எங்க கழனியில ஓடுற அஞ்சு எச்.பி. மோட்டாரே 3,700 வாட்டுதான். அது போடுற இரைச்சல்ல பக்கத்துல நின்னு பேச முடியாது. இந்தச் சின்னதுக்கு 18 வாட்டு போதும், ரெண்டு எல்.இ.டி. பல்பு எரியற அளவு.

மாட்டுறது பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. பிளக்கைச் சொருகினா அதுவே ஒரு வைஃபை பேரைக் காட்டும். செல்போன்ல அதைப் பிடிச்சு, வீட்டு வைஃபை பாஸ்வேர்டு, எந்தப் பூல்ல சேரணும், பிட்காயின் முகவரி, இந்த மூணையும் போட்டா ஓட ஆரம்பிச்சிடும். ஒரு விஷயத்துல மட்டும் நான் தப்பிச்சது பெருமாள் புண்ணியம் (முருகன்னு சொல்லணும், மலையடிவாரத்துல இருந்துக்கிட்டு!). இதுக்கு 5 வோல்ட் அடாப்டர்தான் போடணும். மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயரோட சார்ஜர் 12 வோல்ட், ஆனா ரெண்டு முனையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இருட்டுல அதை எடுத்துச் சொருகப் போனேன். பையன் கையைத் தட்டிவிட்டான். அன்னைக்கு ராத்திரியே ஸ்பிரேயர் சார்ஜர்ல சிவப்பு நூல் கட்டி வெச்சேன்.

இப்போ காசு கணக்குக்கு வரேன். இந்த மெஷின் ஒரு செகண்டுக்கு 1.2 லட்சம் கோடி தடவை ஊகம் பண்ணும். கேட்டா மலைப்பா இருக்கும். ஆனா 2025-ல உலகத்து மெஷின் எல்லாம் சேர்ந்த வேகம் இதைப்போல எண்பது கோடி மடங்கைத் தொட்டுடுச்சு. அந்தக் கணக்குல பரிசு எனக்கு விழணும்னா சராசரியா பதினைஞ்சாயிரம் வருஷத்துக்கு மேல காத்திருக்கணும். 2024 ஜூலையில இந்த மாதிரி சின்ன வேகத்துல, சுமார் 3 டெராஹாஷ்ல, தனியா ஓட்டின ஒருத்தருக்கு நிஜமாவே அடிச்சிருக்கு. அந்தச் செய்தியைத்தான் பையன் நாலு தடவை சொன்னான். வந்தாலும் 30 சதவீதம் வரி. மெஷின் விலையையோ கரண்ட் செலவையோ அதுல கழிக்கவும் முடியாது.

என் வீட்டுக்காரி எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: "இது மாமா வாங்குனாரே, அந்த லாட்டரிச் சீட்டு மாதிரிதானே?"

எங்க அப்பா பஸ் ஸ்டாண்டுல தினம் சீட்டு வாங்கினவர். 2003-ல தமிழ்நாட்டுல லாட்டரியை நிறுத்துற வரைக்கும் வாங்கினார். ஆமான்னுதான் சொன்னேன். ஒரே வித்தியாசம், இந்தச் சீட்டோட விலை ஈ.பி. கார்டுல வரும். ரெண்டு மாசத்துக்கு 26 யூனிட். அப்போ வீட்டுக்கு இலவசமா வந்த நூறு யூனிட்டுல கால்வாசிக்கு மேல இது தின்னுடும். "அதுக்கு மேல ஒரு பைசா போகாதுன்னா வெச்சுக்கோங்க"ன்னா. கூடத்துல டிவிக்குப் பக்கத்துல இடம் கொடுத்தா.

கதை இதோட முடிஞ்சிருந்தா இதை எழுதியிருக்கவே மாட்டேன். மறுநாள் கழனிக்குப் போனப்போ மோட்டார் கொட்டாவைச் சுத்திச் சுத்திப் பார்த்தான் பையன். "சித்தப்பா, இங்க மீட்டரே இல்லையே. பழைய பெரிய மெஷின் ரெண்டு மலிவா வருது. இங்க வெச்சுட்டா சத்தமும் வீட்டுக்குக் கேக்காது, பில்லும் வராது. யாருக்குத் தெரியப் போகுது?"

பொய் சொல்ல மாட்டேன், ரெண்டு நாள் நானும் கணக்குப் போட்டேன். போர் போட்ட கடன் இன்னும் பாதி நிக்குது. பெரிய மெஷின் ஒண்ணு நாள் பூரா ஓடினா 78 யூனிட். அத்தனையும் ஓசின்னா மனசு ஓடத்தானே செய்யும்?

அந்த ரெண்டு நாளும் அப்பா ஞாபகமாவே இருந்துச்சு. பம்புசெட்டுக்குக் கரண்ட் இலவசமானது 1990-ல. அதுக்கு முந்தி ஒரு வருஷம் மழை பொய்ச்சு, பில்லு கட்ட அம்மாவோட வெள்ளிக் கொலுசு அடகுக்குப் போச்சு. திரும்பி வரவே இல்ல. இந்த இலவசம் யாரோ மனசு இரங்கிக் கொடுத்துட்டது இல்ல. யூனிட்டுக்கு ஒரு பைசா ஏத்தினதை எதிர்த்து 1970-ல பெருமாநல்லூர்ல போராடினவங்க மேல துப்பாக்கிச் சூடு நடந்து மூணு விவசாயிங்க செத்தாங்க. நாராயணசாமி நாயுடு மாதிரி ஆளுங்க அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா அலைஞ்சிருக்காங்க. நெல்லுக்கும் கடலைக்கும்னு வாங்கின கரண்ட் அது. ஓசிக் கரண்ட்டுன்னு பட்டணத்துல யாராவது பேசினா எனக்குக் கோவம் வரும். கொட்டாவுல அந்த மெஷினை வெச்சுட்டு அப்புறம் எந்த வாயால கோவப்படறது?

சட்டமும் இருக்கு. ஒரு காரியத்துக்குக் கொடுத்த கரண்ட்டை வேற காரியத்துக்கு எடுத்தா மின்சாரச் சட்டம் 2003-ல 126, 135-ன்னு பிரிவுகள் இருக்குது. ஆனா பையன்கிட்ட நான் சட்டம் பேசல. டிரான்ஸ்பார்மரைக் காட்டினேன். அதுல பதினோரு மோட்டார் தொங்குது. கடைசி மோட்டார் புருஷன் இல்லாம ஒத்தையா விவசாயம் பண்ற ஒரு அக்காவோடது. கோடையில எல்லாரும் ஒண்ணாப் போட்டா அவங்களுக்கு வோல்டேஜ் இறங்கிடும். போன வருஷம் காயில் எரிஞ்சு, ரீவைண்டிங் பண்ணி வர்றதுக்குள்ள அரை ஏக்கர் கடலை காஞ்சுது. "உன் மெஷின் நைட்டும் பகலும் இழுத்தா முதல்ல யாரோடது எரியும்?"னு கேட்டேன். பையன் ஒண்ணும் சொல்லல. திரும்பி நடக்கும்போது அந்த அக்கா கழனி எதுன்னு மட்டும் கேட்டான்.

சின்ன மெஷின் கூடத்துலயே ஓடுச்சு. மாசி வரைக்கும் நிஜமாவே சத்தம் இல்ல. சித்திரையில வெயில் ஏறினதும் தெரிஞ்சுது, சத்தம் இல்லாதது மெஷினோட குணம் இல்ல, பனிக்காலத்தோட குணம். கூடத்துலயே 40 டிகிரி தாண்டினா சிப்பு 70-க்குப் போகுது, ஃபேன் வண்டு மாதிரி கத்துது. போன்லயே சிப்போட வேகத்தையும் வோல்டேஜையும் கொஞ்சம் இறக்கினேன். 18 வாட்டு 12 ஆச்சு, சூடு அடங்குச்சு, சத்தமும் அடங்குச்சு. பரிசுக்குக் காத்திருக்கிற காலம் மட்டும் இன்னும் சில ஆயிரம் வருஷம் கூடிடுச்சு!

அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்ச அன்னைக்கு மொத்தமா நிறுத்திட்டேன். இதுவரைக்கும் எட்டின பெரிய எண்ணு திரையில 2.1 ஜின்னு காட்டுச்சு. பரிசுக்கு 100 டி-க்கு மேல வேணும். ஜி-ங்கிறது நூறு கோடி, டி-ங்கிறது லட்சம் கோடி. அதை ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். ஐப்பசியில மழை வந்ததும் மறுபடி மாட்டலாம்னு இருக்கேன். அந்த இடத்துல இப்போ என் வீட்டுக்காரி மண்பானை வெச்சிருக்கா.