புதுமனை புகுந்த கணிப்பொறி

கட்டி முடித்த வீட்டை விலைக்கு வாங்குவோர்க்கு ஒரு வசதி உண்டு. ஒரு தொல்லையும் உண்டு. செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் அலைய வேண்டுவதில்லை என்பது வசதி. சாளரம் எத்திசையில் அமைய வேண்டும் என்று சொல்லும் உரிமை இல்லாமற்போவது தொல்லை. கடையிலேயே பூட்டி முடித்து விற்கப்படும் விளையாட்டுக் கணிப்பொறியின் நிலையும் இத்தகையதே.

சென்னையில் ஓர் இளைஞனிடம் அத்தகைய கணிப்பொறி ஒன்று இருந்தது. அவனுடைய தமக்கை ஓராண்டுக் காலம் தன் ஊதியத்தில் மிச்சம் பிடித்து அதனை வாங்கித் தந்தாள். பகலில் அவன் அதில் முப்பரிமாணப் படம் வரையப் பயின்றான், இரவில் விளையாடினான். கத்திரி வெயில் தொடங்கியதும் கணிப்பொறி தடுமாறலாயிற்று. அரை மணி நேரத்தில் விசிறிகள் இரைந்தன; படம் தயங்கித் தயங்கி நகர்ந்தது; பின்னர்ப் பொறி தானே அணைந்தது.

விற்றவர், புதியதொன்று வாங்குவதே நலம் என்றார். விற்பவர் வேறென்ன கூறுவார்! இளைஞன் அதனை ஏற்கவில்லை. பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு விளையாடிப் பார்த்தான். இரண்டு மணி நேரம் ஆகியும் பொறி அணையவில்லை. குறை உள்ளுறுப்புகளில் இல்லை, பெட்டியில்தான் உள்ளது என்பது அப்பொழுதே புலனாயிற்று. அப்பெட்டியின் முகப்பு முழுவதும் கண்ணாடி; காற்று நுழைவதற்கு ஓரத்தில் விரல் நுழையாத இடுக்கு ஒன்றே இருந்தது. வெளிக்காற்று உள்ளே வராவிடில், விசிறி எத்துணை விரைவாகச் சுழன்றாலும் வெந்த காற்றையே மீண்டும் மீண்டும் வீசும். பிராசசர் வெப்ப எல்லையை எட்டியதும் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அதற்கும் அடங்காவிடில், தன்னைக் காத்துக்கொள்ளப் பொறியையே நிறுத்திவிடும். கதவின்றியே வைத்திருக்கலாமே எனின், பல்லிகள் உலவும் வீட்டில் அஃது இயலுமா?

“அக்கா, பெட்டியை மட்டும் மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன்” என்றான்.

“கழற்றினால் மறுபடி பூட்டத் தெரியுமா, தம்பி?”

“அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அக்கா.”

அவன் அளவுகோலை எடுத்தது தக்க செயல். 1995-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறையை வகுத்தது. அதன்படி மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகை 305 மில்லிமீட்டர் நீளமும் 244 மில்லிமீட்டர் அகலமும் உடையது. அதன் தங்கையாகிய மைக்ரோ ஏ.டி.எக்ஸ். பலகையோ நாற்புறமும் 244 மில்லிமீட்டருக்கு மேற்படாது. துளைகளின் இடங்களும் வரையறுக்கப்பட்டவை. ஆயினும் ஆயத்தப் பொறி விற்கும் நிறுவனங்களுள் சில, பலகையின் வடிவையும் மின்இணைப்பையும் தம் விருப்பம்போல் அமைத்துவிடுகின்றன. அத்தகைய பலகை வேறு பெட்டியில் அமர்வது அரிது. வாங்கியவரைத் தம் கடைக்கே மீண்டும் வரச்செய்யும் அவ்வழக்கம் பாராட்டத்தக்கதன்று. இளைஞனின் பலகை 244-க்கு 244 ஆக இருந்தது. எஸ்.எம்.பி.எஸ்., கிராபிக்ஸ் கார்டின் நீளம், குளிர்விப்பானின் உயரம் ஆகியவற்றையும் அவன் குறித்துக்கொண்டான். ரிச்சி தெருவுக்குச் சென்று, வலைமுகப்புக் கொண்ட பெட்டி ஒன்றை வாங்கிவந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலை தொடங்கிற்று. மின்கம்பியைப் பிடுங்கியபின், எஞ்சிய மின்சாரம் தீரும்பொருட்டு, தொடக்கப் பொத்தானைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தான். ஒவ்வோர் இணைப்பையும் கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்தான். சமையலறையிலிருந்து கொணர்ந்த மூன்று கிண்ணங்களில் திருகாணிகளை வகை பிரித்து இட்டான். உடலில் தங்கும் நிலைமின்சாரம் ஏறத்தாழ 3,000 வோல்ட்டைத் தாண்டினால்தான் மனிதனுக்கு உறைக்கும்; நுண்சில்லுகளோ அதனினும் மிகக் குறைந்த அளவிலேயே பழுதுபடக்கூடும். சென்னையின் ஈரக்காற்றில் இத்தொல்லை குறைவே. எனினும் அவன் அடிக்கடி பெட்டியின் வண்ணம் பூசாத இரும்பைத் தொட்டுக்கொண்டான்.

பயணத்தில் கழலாதிருக்கும்பொருட்டுச் சில இணைப்புகளின்மேல் பசையை உருக்கி ஊற்றியிருந்தனர். அதனைச் சிறிது சிறிதாக உரித்தெடுப்பதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. கிராபிக்ஸ் கார்டைப் பற்றியிருக்கும் சிறு தாழை நீக்காமல் இழுப்போர் பலர். பலகையை உடைப்போரும் அவரே. அவன் தாழை நீக்கியே எடுத்தான். பிராசசரையும் அதன் குளிர்விப்பானையும் பலகையிலேயே விட்டுவைத்தான். அவற்றைப் பிரித்தால் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசவேண்டும். பிரிக்கத் தேவையும் இல்லை. புதிய பெட்டியில், பலகையின் துளைகளுக்கு நேரே மட்டும் பித்தளைத் தாங்கிகளை முடுக்கினான். துளையில்லாத இடத்தில் ஒன்று நின்றாலும் அது பலகையின் அடிப்புறத்தைத் தொட்டு மின்கசிவு உண்டாக்கிவிடும்.

மாலை நான்கு மணிக்கு எல்லாம் முடிந்தன. தமக்கையும் வந்து வாயிலில் நின்றாள். அவன் பொத்தானை அழுத்தினான். ஒலியுமில்லை, ஒளியுமில்லை. மீண்டும் அழுத்தினான். அவள் ஒன்றும் கூறவில்லை. ஓராண்டுச் சேமிப்பு அசைவற்றுக் கிடந்தது. அவள் ஏதேனும் சொல்லியிருந்தால் அவனுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

பலகையின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி ஒளிர்வதை அப்பொழுதுதான் கண்டான். மின்சாரம் பலகைவரை வந்துள்ளது. பொத்தானின் ஆணைதான் வந்து சேரவில்லை. முகப்புக் கம்பிகள் சேரும் இடத்தில் ஒன்பது ஊசிகள் இரு வரிசையாக நிற்கும். பழைய பெட்டியில் அவற்றுக்கெல்லாம் ஒரே பிடிப்பு. புதிய பெட்டியிலோ தனித்தனிப் பிடிப்புகள். விளக்கை அருகே பிடித்து, எடுத்து வைத்த படத்துடன் ஒப்பிட்டான். தொடக்கப் பொத்தானின் பிடிப்பு, அடுத்த வரிசையிலுள்ள மறுதொடக்க ஊசிகளில் செருகியிருந்தது; மறுதொடக்கப் பொத்தானுடையது இதன் இடத்தில் இருந்தது. பக்கத்திலிருந்த சின்னப் பொத்தானை அழுத்தியிருந்தாலே பொறி உயிர்த்திருக்கும்!

இரண்டையும் இடம் மாற்றிச் செருகினான். விசிறிகள் மெல்லச் சுழன்றன; திரையில் ஒளி பரவிற்று. விண்டோஸ் உரிமம் தாய்ப்பலகையோடு பிணைந்ததாதலால், பெட்டி மாறியதைப் பற்றி அது வினவவேயில்லை.

பக்கக் கதவை மூடியபடியே இரண்டு மணி நேரம் அவன் விளையாடினான். தமக்கை பெட்டியின் பின்புறம் கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பான காற்று தடையின்றி வெளியேறிக்கொண்டிருந்தது.

“சரி தம்பி, கிண்ணங்களைக் கழுவிக் கொடு. இரவுச் சமையலுக்கு வேண்டும்” என்று கூறி அவள் உள்ளே சென்றாள்.