கேபிள் கார் கணக்கில் வருமா?

அத்தான் வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வந்தவரிடமெல்லாம் ‘ஈடு என்ன?’ என்று கேட்டுப் பழகிய வாய், உல்லாசப் பயணத்திடமும் அதையேதான் கேட்கும். ஹாங்காங் போவதென்று முடிவானதும் அவர் முதலில் வாங்கியது ஒரு நோட்டு. இடப்பக்கம் டிஸ்னிலேண்ட், வலப்பக்கம் ஓஷன் பார்க். நுழைவுச் சீட்டின் விலையை, ஏறி இறங்கும் விளையாட்டுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எதில் ஒரு சவாரி மலிவாக விழுகிறதோ அந்தப் பூங்காவுக்கு மட்டும் போக வேண்டும்.

“ரெண்டுல ஒண்ணுதான் மாப்ளே. ரெண்டுக்கும் அழுறதுக்கு நாம என்ன நகைக்கடையா வச்சிருக்கோம்?”

நியாயம்தான். ஓஷன் பார்க்கில் ஆளுக்குச் சுமார் 500 ஹாங்காங் டாலர். நம் பணத்தில் ஐயாயிரத்து ஐந்நூறு வரும். டிஸ்னியில் நாளுக்கொரு விலை. கூட்டமில்லாத நாளில் அறுநூற்றுச் சொச்சத்தில் தொடங்கி, விடுமுறை நாட்களில் எண்ணூறைத் தாண்டும். இதற்கு மேலும் காசு கொடுத்தால் வரிசையில் நிற்காமல் முன்னால் போய்விடலாம். அந்த வசதியை இரண்டு இடத்திலும் விற்கிறார்கள். திருநெல்வேலி ஆனித் தேரோட்டப் பொருட்காட்சியில் ராட்டினத்துக்குத் தனி, மரணக் கிணறுக்குத் தனி என்று சீட்டு வாங்கி வளர்ந்தவன் நான். பிடித்ததற்குக் காசு கொடுத்தோம், பிடிக்காததை வேடிக்கை பார்த்தோம். வாசலிலேயே மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு, பிறகு ‘முடிந்ததை அள்ளிக்கொள்’ என்று உள்ளே விடும் ஏற்பாடுதான் அத்தானைப் போன்றவர்களை நோட்டு வாங்க வைக்கிறது.

சண்டை தூத்துக்குடியிலேயே தொடங்கிவிட்டது. இரண்டு பூங்காவிலும் பிள்ளைகள் சீட்டு 3 வயது முதல் 11 வரைதான். அக்கா மகனுக்குப் பன்னிரண்டு முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அத்தான் அவனை மேலும் கீழும் பார்த்தார். ஆள் கொஞ்சம் குள்ளம்.

“கேட்டா பதினொண்ணுன்னு சொல்லிருடே.”

அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். “முப்பது வருசம் அடுத்தவன் பொய்க் கணக்கைப் புடிச்ச மனுசன் பெத்த புள்ளைக்குப் பொய் சொல்லிக் குடுக்கிறதைப் பாரு! அப்படி ஒண்ணும் அந்த எலியைப் பார்க்க வேண்டாம்.” இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. முழுச் சீட்டு என்று முடிவானது. அந்த நஷ்டமும் நோட்டில் தனி வரியாக ஏறியது.

ஹாங்காங்கில் நாங்கள் தங்கியது நாதன் சாலையில், சுங்கிங் மேன்ஷன்ஸுக்குப் பக்கத்தில். 1961இல் கட்டிய அந்தப் பதினேழு மாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தால் உருது, வங்காளம், ஏதோ ஆப்பிரிக்க மொழி, நடுவில் சுத்தமான தென்பாண்டித் தமிழ். காயல்பட்டினத்துக்காரர்கள் தலைமுறைகளாக இங்கே ரத்தின வியாபாரம் செய்கிறார்கள். தோசைக் கடையில் எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்த பெரியவரும் அப்படிப்பட்டவர். தூத்துக்குடி என்றதும், பில்லை நீங்கள் தொடக்கூடாது என்றுவிட்டார். அத்தானின் முகம் மலர்ந்தது.

“நீங்க சொல்லுங்க காக்கா, எது லாபம்?” என்று நோட்டை விரித்தார்.

அவர் நோட்டைப் பார்க்கவில்லை. “2005 செப்டம்பர்ல டிஸ்னி திறந்தப்ப எலி வந்து மீனைத் தின்னுரும்னு ஊரே சொல்லிச்சு. நடந்தது தலைகீழ். பல வருசம் மீனுக்குத்தான் கூட்டம் ஜாஸ்தி.”

அந்தக் கதையை அவர் ரசித்துச் சொன்னார். 2003இல் ஓஷன் பார்க்கின் தலைவராக வந்த ஆலன் ஜெமன் அதுவரை மதுக்கூடங்களும் உணவகங்களும் நிறைந்த லான் குவாய் ஃபாங் தெருவை வளர்த்துப் பேர் வாங்கியவர். பூங்கா விளம்பரத்துக்காக விதவிதமாக வேடம் கட்டி நின்ற தலைவர் அவர். டிஸ்னியிடம் இருப்பதை நகல் எடுக்க வேண்டாம், அவர்களிடம் இல்லாத மலை, கடல், பாண்டாவை நம்புவோம் என்று பிடிவாதமாக இருந்தார். “இப்ப எலி கொழுத்துருச்சு,” என்று முடித்தார் பெரியவர். கொரோனாவுக்குப் பிறகு டிஸ்னி லாபத்துக்குத் திரும்பியிருக்கிறது. ஓஷன் பார்க்தான் அதன் பிறகும் திணறியது.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் போட்டியில் இரண்டு கடைக்கும் முதலாளி கிட்டத்தட்ட ஒருவர்தான். டிஸ்னிலேண்டில் பாதிக்கு மேல் பங்கு ஹாங்காங் அரசுடையது. ஓஷன் பார்க் தனிச் சட்டத்தால் அமைந்த, லாப நோக்கமற்ற நிறுவனம். 2020இல் அது மூழ்கப் பார்த்தபோது 540 கோடி ஹாங்காங் டாலர் கொடுத்துத் தூக்கி நிறுத்தியதும் அதே அரசு. இதைக் கேட்டதும் அத்தான், “அப்போ ரெண்டுக்கும் போயிரலாம்,” என்றார். எந்தத் தர்க்கத்தில் அந்த முடிவுக்கு வந்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. யாரும் விளக்கம் கேட்கவில்லை, மனசு மாறிவிடுமே.

டிஸ்னியைப் பற்றி எனக்கிருந்தது நல்லெண்ணம் இல்லை. அமெரிக்க பிளாஸ்டிக், சீனத்துக் கூட்டம், பாட்டு நிற்காத ஒலிபெருக்கி என்று முன்கூட்டியே முகம் சுளித்துக்கொண்டுதான் போனேன். மிக்கி காது வடிவத்தில் ஜன்னல் வைத்த ரயிலில் ஏறியபோதும் அந்தச் சுளிப்பு போகவில்லை. அக்காவுக்குப் பேய் பயம். வெளியூர்ப் பூங்காக்களில் பேய் வீடு இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், எந்தக் கட்டடத்தைக் கண்டாலும், “உள்ள பேய் இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான் என் முகத்தை மாற்றியது. கலிபோர்னியாவிலும் ஃபுளோரிடாவிலும் டோக்கியோவிலும் டிஸ்னி பேய் மாளிகை கட்டி வைத்திருக்கிறது. ஹாங்காங்கில் கட்டவில்லை. செத்தவர்களுக்குக் காகிதப் பணம் எரித்து, பசித்த ஆவிகளுக்கு ஆண்டுதோறும் ஒரு மாதமே ஒதுக்கிப் படையல் வைக்கிற ஊர் இது. இங்கே பேயை வைத்து விளையாட்டுக் காட்டுவது சரிப்படாது என்று யோசித்திருக்கிறார்கள். பதிலாக 2013இல் ‘மிஸ்டிக் மேனர்’ என்ற மாளிகை வந்தது. ஊர் ஊராகச் சுற்றி அரும்பொருள் சேர்த்த ஒரு பிரபு, அவர் வளர்க்கும் குரங்கு, அது திறந்துவிடும் ஒரு மாயப் பாட்டுப்பெட்டி. இசை புழுதிபோல் பரவி, தொட்ட பொருளையெல்லாம் உயிர்ப்பிக்கிறது. வண்டிக்குத் தண்டவாளம் கிடையாது. தரையில் அது தன்பாட்டுக்கு வளைந்து திரும்பிப் போகிறது. (பேய்க்கு இவ்வளவு மரியாதை செய்யும் அதே ஊரில், வருடா வருடம் ஹாலோவீன் பேய்களை இறக்கிக் கூட்டம் சேர்ப்பது ஓஷன் பார்க். உள்ளூர்க்காரனுக்கு உரிமை அதிகம் போலும்.)

பேய் இல்லை என்று உறுதி சொல்லித்தான் அக்காவை ஏற்றினோம். ஓர் அறையில் சூறாவளி சுழன்றது. நடுவே, சீனக் கதைகளின் குரங்கரசன் சுன் வுகோங்கின் சிலை பிரமாண்டமாக எழுந்து நின்றது. வண்டி அதன் முன்னால் வந்ததும் அக்கா சட்டென்று செருப்பை உதறிவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள். “ஆஞ்சநேயா!”

பக்கத்து வண்டியில் வந்த சீனப் பிள்ளைகள் இரண்டு பேர் அவளைப் பார்த்து அதே மாதிரி கும்பிட்டார்கள். கேலி இல்லை, இந்த இடத்தில் இப்படிச் செய்ய வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். சவாரி முடிய ஆறு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டவள், “இன்னொரு தடவை போவோம்,” என்றாள். மறுபடி போனோம். அத்தான் அதை இரண்டு சவாரி என்று எழுதினார். இருட்டிய பிறகு வாணவேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது வகுத்துக் கூட்டியதில், டிஸ்னியின் விகிதம் அவர் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது.

ஓஷன் பார்க்கில்தான் பெரிய சண்டை. அந்தப் பூங்கா ஒரு மலையின் இரண்டு பக்கத்திலும் கிடக்கிறது. கீழே ஒரு பகுதி, கடலை ஒட்டிய உச்சியில் மறு பகுதி. 2009இல் மலையைக் குடைந்து ஒரு ரயில் விட்டிருக்கிறார்கள். சில நிமிடத்தில் மேலே கொண்டு சேர்த்துவிடும். 1977இல் திறந்த நாளிலிருந்து ஓடும் வழி, ஒன்றரைக் கிலோமீட்டர் நீளக் கேபிள் கார். உருண்டையான சின்னக் கூண்டு. ஏறியதும் பூங்கா காலடியில் நழுவிப் போகிறது. அப்புறம் பச்சை மலைச்சரிவு, அதன் கீழே தென்சீனக் கடல், வரிசையாகத் தீவுகள், நங்கூரமிட்ட படகுகள். பூங்கா எங்கே முடிந்தது, ஹாங்காங் எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. டிஸ்னியில் வெளியூர் கண்ணில் படாதபடி மண்மேடும் மரமும் வைத்து மறைத்திருப்பார்கள். இங்கே மறைக்க மனசே இல்லை.

“இது ஒரு சவாரி. எழுதுங்க,” என்றேன்.

“இது எப்படிச் சவாரி? போக்குவரத்து! நம்ம ஊர் டவுன் பஸ்ஸை ராட்டினம்னு சொல்லுவியா?”

“அத்தான், இதுக்காகத்தான் ஜனங்க வர்றாங்க.”

“ஜனங்க ஆயிரத்துக்கு வருவாங்க மாப்ளே. கணக்குன்னா கணக்கு.”

குரல் உயர்ந்துவிட்டது. எதிரே ஒரு பாட்டியும் அவள் பேரனும். பேரன் பள்ளிக்கூட ஆங்கிலம் நன்றாகப் பேசினான். பாட்டி அவனிடம் ஏதோ கேட்க, அவன் எங்களிடம் கேட்டான்: “ஏன் சண்டை போடுகிறீர்கள் என்று பாட்டி கேட்கிறாள்.” இந்தச் சீட்டுக்குக் கொடுத்த காசு தகுமா என்று பேசிக்கொள்கிறோம் என்றேன். அவன் மொழிபெயர்த்தான். பாட்டி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு நீளமாகப் பேசினாள்.

இந்தப் பூங்காவைக் குதிரைப் பந்தயப் பணத்தில் கட்டினார்கள். உண்மைதான்: ஹாங்காங்கில் பந்தயம் நடத்துவது ஜாக்கி கிளப், அது தன் உபரியைத் தர்ம காரியங்களுக்குக் கொடுக்கும் அமைப்பு. அரசு நிலம் கொடுத்தது. கட்டும் செலவு கிளப்புடையது. பாட்டியின் வீட்டுக்காரர் வாராவாரம் ஹேப்பி வேலி மைதானத்துக்குப் போனவர்.

“தாத்தா ஜெயித்ததே இல்லையாம்,” என்றான் பையன். “அதனால் இந்தக் கேபிள் காரில் கொஞ்சம் தாத்தா வாங்கியது என்று பாட்டி சொல்கிறாள்.”

ஆண்டுச் சீட்டு வைத்திருக்கிறாள். தோன்றும்போது வருகிறாள், இதில் போகிறாள், பாண்டாவைப் பார்க்கிறாள், வீட்டுக்குப் போய்ச் சமைக்கிறாள். ரோலர் கோஸ்டர் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. அத்தான் வங்கிக்காரர் அல்லவா, தொழில்முறை ஆர்வத்தில் தாத்தா மொத்தம் எவ்வளவு விட்டார் என்று கேட்கச் சொன்னார். அக்கா அவர் தொடையில் கிள்ளினாள். பையன் அதற்குள் கேட்டுவிட்டான். பாட்டி ஒரு விரலால் கீழே இருந்த மலையை முழுக்க ஒரு சுற்றுக் காட்டினாள்.

பிறகு அவளோடுதான் பாண்டா பார்க்கப் போனோம். யிங் யிங் என்ற தாய்ப் பாண்டா 2024 ஆகஸ்ட் 15 அன்று இரட்டைக் குட்டி ஈன்றது. தன் பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முதல் நாள். அந்த வயதில் முதன்முறை தாயான பாண்டா வேறில்லையாம். நம் சுதந்திர தினம் என்று அக்கா மகன் பேரனிடம் பெருமையாகச் சொன்னான். நாங்கள் பார்த்த பாண்டா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கியது. பாட்டி அது புரண்டு படுக்கும்வரை நின்றாள். அது புரண்டதும் திருப்தியாகக் கிளம்பினாள். தூங்கும் பாண்டாவை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அத்தான் என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அவர் கணக்குப்படி வென்றது டிஸ்னிலேண்ட். கேபிள் கார் ‘போக்குவரத்து’ என்ற தலைப்பில், பேருந்துக் கட்டணத்துக்கும் மெட்ரோ கட்டணத்துக்கும் நடுவே, பூஜ்யம் டாலர் என்று கிடக்கிறது. ஊருக்கு வந்தும் மாற்ற மறுக்கிறார்.

என் தீர்ப்பு வேறு. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்து, அதற்கு மிக்கியும் இளவரசியும்தான் உலகம் என்றால் டிஸ்னிக்கே போங்கள். பன்னிரண்டு ஆவதற்குள் போங்கள். மிஸ்டிக் மேனரில் இரண்டு முறை ஏறுங்கள். மற்ற எல்லோருக்கும், குறிப்பாக அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு, ஒரு பூங்காவுக்குத்தான் காசு என்றால் அது ஓஷன் பார்க். மேலே போக ரயில் இருக்கிறது, சீக்கிரம் கொண்டுபோய் விடும் என்று யாராவது சொல்வார்கள். அதில் ஏறாதீர்கள்.