மணப்பாட்டு மணலில் ஒரு காலை

காலையில் புனல் மாதிரி விரிந்து, வெயில் ஏறியதும் சுருண்டுவிடும் பூக்களை வேலியோரம் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் இந்தக் கூட்டத்துக்கே 'மார்னிங் குளோரி' என்று பெயர். நம் ஊரில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். ஒரே நாளில் எத்தனை கண்ணில் படும்? பிளஸ் டூ படிக்கும் மகளோடு விடியற்காலையிலேயே தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டுக்குப் போய்விட்டேன்.

மணல்மேடு முழுக்க அடப்பங்கொடி. ஊதா கலந்த ரோஸ் நிறப் பூ. நடுவில் பிளந்த இலை. இதை 'அடும்பு' என்ற சங்கப் புலவர்களுக்கு அந்த இலை மானின் குளம்பாகத் தெரிந்திருக்கிறது. தாவரவியல் பெயரிலோ அது ஆட்டுக்கால்! விதை கடல்நீரில் மிதந்தே ஊர் விட்டு ஊர் போகும். அதனால்தான் வெப்பமண்டலக் கடற்கரைகளில் எங்கும் இந்தக் கொடி இருக்கிறது.

வேரைப் போட்டோ எடுக்க மகள் ஒரு கொடியை இழுத்தாள். வலைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி குரல் கொடுத்தார்.

"பிடுங்காத தாயி! இது போச்சுன்னா மண்ணு வீட்டுக்குள்ள வந்துரும்லா."

உண்மைதான். கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்து வைப்பது இந்தக் கொடிதான். போன வருடம் வேறொரு கடற்கரையில், 'சுத்தம் செய்கிறோம்' என்று பிளாஸ்டிக்கோடு இதையும் மூட்டை மூட்டையாக அள்ளியவர்களில் நானும் ஒருவன். பாட்டியிடம் அதைச் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் ஒரு வீட்டு கேட்டில் மயில்மாணிக்கம், சிவப்பு நட்சத்திரமாக. செம்மண்ணில் படர்ந்த விஷ்ணுகிரந்தி, சட்டைப் பித்தானைவிடச் சின்ன நீலப் பூ. டீக்கடையில் அவித்த சீனிக்கிழங்கு வாங்கி, "இதுவும் அதே குடும்பம்தான்" என்றேன். மகள் நம்பவில்லை, கூகுளில் பார்த்த பிறகே வாயில் போட்டாள்.

கடைசியாக எங்கள் ஊர்க் குளம். அம்மா முழங்கால் தண்ணீரில் நின்று வள்ளைக்கீரை பறித்த இடம். மலேசியாவில் 'காங்கோங்' என்று விரும்பிச் சாப்பிடுகிறார்களே, அதே கீரை. இப்போது கரையெல்லாம் நெய்வேலி காட்டாமணக்கு. பெயரில்தான் நெய்வேலி, பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா. பூ அழகுதான், ஆனால் தொடர்ந்து தின்னும் ஆடு நோயில் விழும். வெட்டிப்போட்ட தண்டும் ஈரம் பட்டால் துளிர்க்கும். அம்மா இதையெல்லாம் பார்க்காமல் போனது நல்லதென்று தோன்றியது.

மடைப் பக்கம் கொஞ்சம் வள்ளை மிச்சமிருந்தது. மகள் இரண்டு கணு கிள்ளி, ஈரத் துணியில் சுற்றிக்கொண்டாள். மொட்டைமாடித் தொட்டியில் இப்போது நாலு இலை விட்டிருக்கிறது.