சூடான எலக்ட்ரான்

என் கலைச்சொற்பட்டியலில் இன்னும் தீராத ஒரு சொல் ‘சூடான எலக்ட்ரான்’. பின்லாந்தில் சகாரி குல்மலாவும் குழுவினரும் விரிவாக ஆராய்ந்த மின்வேதி ஒளிர்வு முறைக்கு உரியது அது. அலுமினிய மின்வாயின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடுப் படலம் உண்டு. மின்கடத்தாப் பொருள்தான், எனினும் எதிர்மின் துடிப்பொன்றைச் செலுத்தினால் எலக்ட்ரான்கள் அதனை ஊடுருவி, ஆற்றல் பெரிதும் குன்றாமல் நீர்க்கரைசலுள் பாய்கின்றன. வெற்று உலோகத்தில் இது கைகூடாது. அதற்கு முன்பே நீர் சிதைந்து ஹைட்ரஜன் வெளிப்பட்டுவிடும். தடுப்பதற்கென்று நாம் கருதும் படலமே இங்கு வழிவிடுகிறது!

கரைசலிலுள்ள டெர்பியம் அணைவுச் சேர்மத்தில் முதலில் கிளர்வுறுவது ஈனி. அது அவ்வாற்றலை உலோக அயனிக்குக் கையளிக்க, 545 நானோமீட்டர் அருகே பச்சை ஒளி தோன்றுகிறது. துடிப்பு நின்ற பின்னும் அவ்வொளி மில்லிநொடிக் கணக்கில் நீடிக்கும். பின்னணி ஒளி அடங்கியபின் அளக்கலாம் என்பதால் நோயறி சோதனைகளுக்கு இம்முறை உகந்தது.

இதில் சூடு எங்கே? கரைசல் கொதிப்பதில்லை. வெப்பச் சமநிலையில் இருப்பதைவிட மிகுந்த ஆற்றலுடையது என்பதே பொருள். ‘வெப்ப எலக்ட்ரான்’ என்றால், சூடேறிய உலோகம் உமிழும் எலக்ட்ரானோடு குழம்பும். ‘மிகையாற்றல் எலக்ட்ரான்’ என்று எழுதினேன். நெறியாளர் நேர்பெயர்ப்பையே விரும்புகிறார். பட்டியல் திங்களன்று அச்சுக்குப் போகிறது. மின்வேதியியல் பயிலும் நண்பர்களே, ஆய்வகத்தில் தமிழில் பேசும்போது இதை என்னவென்று சொல்கிறீர்கள்?