அப்பாவும் ஆறு சிவப்பும்

உங்கள் வீட்டில் கேரம் பலகை இருக்கிறதல்லவா? அப்படியானால் நான் சொல்லப் போகும் ஆட்டம் பாதி உங்களுக்கு இப்போதே தெரியும். ஒன்றைக் கொண்டு இன்னொன்றை அடித்துப் பையில் தள்ள வேண்டும், அவ்வளவுதான். பலகைக்குப் பதில் 12 அடி நீளம், 6 அடி அகலத்தில் பச்சைக் கம்பளித் துணி போர்த்திய மேஜை. நாலு பைக்குப் பதில் ஆறு பை. விரலுக்குப் பதில் நீளமான ஒரு கோல். ஆட்டத்துக்குப் பெயர் ஸ்னூக்கர்.

"ஐயையோ, அது கிளப்பில் சுருட்டுப் புகைக்கு நடுவே ஆண்பிள்ளைகள் ஆடுவதாயிற்றே!" என்று சிலர் முகத்தைத் திருப்பிக் கொள்வது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். 2025-ல் தோஹாவில் நடந்த உலகப் போட்டியில் பெண்கள் பிரிவில் பட்டம் வாங்கி வந்தவர் நம் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன். அது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் சொல்ல வந்தது என் அப்பாவைப் பற்றி.

அப்பா ஒரு கிளப்பில் 31 வருஷம் மார்க்கராக இருந்தார். மேஜைத் துணிக்குப் பிரஷ் போட வேண்டும், இஸ்திரி போட வேண்டும், பந்துகளை அடுக்க வேண்டும், எண்ணிக்கை சொல்ல வேண்டும். இதெல்லாம் மார்க்கரின் வேலை. யாராவது மெம்பருக்கு ஜோடி கிடைக்காத நாளில் எதிரே நின்று ஆட வேண்டியதும் உண்டு. ஒன்பது வயதில் நான் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக் கொண்டு போவேன். அந்த அறைக் கதவில் 'பெண்களுக்கு அனுமதி இல்லை' என்று பித்தளைத் தகடு அடித்திருந்தது. ஒன்பது வயதுப் பெண்ணும் பெண்தானே! வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உள்ளிருந்து அப்பாவின் குரல் மட்டும் வரும். "இருபத்து நாலு... முப்பத்தொன்று..." ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் நான் சொன்னதற்கு அந்தப் பெஞ்சுதான் காரணம்.

இந்த ஆட்டம் பிறந்ததே நம் நாட்டில்தான் என்பது உங்களுக்குத் தெரியுமோ? 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்ற இளம் ராணுவ அதிகாரி, பழைய பில்லியர்ட்ஸ் மேஜை ஆட்டங்கள் அலுத்துப் போய், இரண்டு மூன்றைக் கலந்து இதை உண்டாக்கினாராம். (பிற்பாடு இங்கிலாந்தின் பிரதம மந்திரியாக இருந்தாரே, அவர் அல்ல, இவர் வேறு.) 1882-ல் ஊட்டி கிளப்பில்தான் விதிகள் ஒழுங்குக்கு வந்தன. அப்பா வேலை பார்த்தது வேறு ஊர், வேறு கிளப்.

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அப்பாவுக்கு இருதயத்தில் ஒரு சிகிச்சையும் நடந்தது. "அரை மணிக்கு மேல் நிற்கக் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாள் முழுவதும் டெலிவிஷன் எதிரே நாற்காலி. எங்கள் தெருக் கோடியில், பேக்கரிக்கு மாடியில், மணிக் கணக்குக்கு வாடகை வாங்கும் ஸ்னூக்கர் பார்லர் ஒன்று வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை வலுக்கட்டாயமாக அழைத்துப் போனேன். "எனக்கு ஆடக் கற்றுக் கொடுங்கள்" என்றேன்.

முழு ஆட்டத்துக்குச் சிவப்புப் பந்துகள் 15. என்னைப் போன்ற கற்றுக்குட்டி கையில் கோலைக் கொடுத்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். அப்பா யோசித்தார். "ஆறு சிவப்பு போதும்மா. அதுவும் சரியான ஆட்டம்தான்" என்றார். சரியான ஆட்டமேதான்! ஆறு சிவப்புக்கென்றே உலகப் போட்டி உண்டு. நம் பங்கஜ் அத்வானி 2014-லும் 2015-லும் அந்தப் பட்டத்தை ஜெயித்திருக்கிறார்.

எப்படி ஆடுவது என்று சொல்கிறேன், கேளுங்கள். மேஜையின் ஒரு முனையில், குறுக்குக் கோட்டின் மேல் மூன்று பந்துகள். கோட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தால் இடது பக்கம் பச்சை, நடுவில் பழுப்பு, வலது பக்கம் மஞ்சள். எனக்கு முதல் நாள் இது நினைவில் நிற்கவே இல்லை. அப்பா சிரித்தார். "வெற்றிலை, பாக்கு, மஞ்சள். தாம்பூலத் தட்டில் வைக்கிற மாதிரி வை" என்றார். அதற்கப்புறம் மறக்குமா? மேஜையின் நட்டநடுவில் நீலம். அதைத் தாண்டி இளஞ்சிவப்பு. அதன் முதுகோடு ஒட்டினாற்போல், ஆனால் தொடாமல், ஆறு சிவப்புகளும் ஒன்று, இரண்டு, மூன்று என்று முக்கோணமாக நிற்க வேண்டும். கடைசியில் தனியாகக் கறுப்பு.

வெள்ளைப் பந்தைத்தான் கோலால் அடிக்கலாம். முதலில் ஒரு சிவப்பைப் பையில் போட வேண்டும், ஒரு புள்ளி. அது விழுந்தால்தான் வண்ணப் பந்தில் கை வைக்கலாம். மஞ்சளுக்கு 2, பச்சைக்கு 3, பழுப்புக்கு 4, நீலத்துக்கு 5, இளஞ்சிவப்புக்கு 6, கறுப்புக்கு 7. விழுந்த சிவப்பு போனது போனதுதான். வண்ணப் பந்து மட்டும் எடுத்து அதன் இடத்திலேயே திரும்ப வைக்கப்படும், பிறந்த வீட்டுக்குப் போய் வருகிற பெண்ணைப் போல. மறுபடி சிவப்பு, மறுபடி வண்ணம். தவறினால் முறை அடுத்தவருக்கு. ஆறு சிவப்பும் தீர்ந்த பிறகு மஞ்சளில் தொடங்கிக் கறுப்பு வரை வரிசையாக. இந்தத் தடவை அவையும் திரும்பி வருவதில்லை. ஒரே மூச்சில் எல்லாவற்றையும், ஒவ்வொரு சிவப்புக்கும் ஒரு கறுப்பு வீதம் போட்டால் 75. பதினைந்து சிவப்பு ஆட்டத்தில் இதுவே 147.

தப்பான பந்தைத் தொட்டாலோ, வெள்ளையே பையில் விழுந்தாலோ எதிராளிக்குக் குறைந்தது 4 புள்ளி தானம். பெரிய ஆட்டத்தில் 4 என்பது சில்லறை. இங்கே கொஞ்சம் வலிக்கும். ஆனால் மேஜையில் நெரிசல் இல்லை, அதனால் புதிதாக ஆடுகிறவருக்கும் ஏதாவது ஒரு பந்துக்கு வழி திறந்தே இருக்கும்.

புடவைக்காரர்கள் தலைப்பை நன்றாகச் செருகிக் கொள்ளுங்கள். இடது கையைத் துணிமேல் விரித்து ஊன்றி, கட்டை விரலைச் சற்றுத் தூக்கினால் ஒரு பள்ளம் கிடைக்கும். கோல் அதில்தான் ஓட வேண்டும். மோவாய் கோலைத் தொடுகிற அளவுக்குக் குனிய வேண்டும். ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும், இது விதி. பலம் வேண்டவே வேண்டாம். தோசைக் கல்லில் எண்ணெய் விடுகிற நிதானம் போதும்.

சாக்குக் கட்டியைக் கோல் நுனியில் தேய்க்கும்போது அப்பாவின் கை நடுங்கும். குனிந்து மோவாயைக் கோலில் வைத்தாரோ, நடுக்கம் எங்கே போகிறதோ தெரியாது!

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆடினோம். மூன்றிலும் நான் ஜெயித்தேன். பெருமைதான், போங்கள்! மூன்றாவது தடவை கறுப்பு ஒன்றுதான் பாக்கி. அப்பா 5 புள்ளி முன்னால். கறுப்போ பையின் வாயிலேயே உட்கார்ந்திருந்தது. குழந்தை ஊதினாலே விழும். அப்பா அடித்தார். அது ஓரத்தில் இடித்து அங்கேயே நின்றது. நான் போட்டேன், 7 புள்ளி, வெற்றி. வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. அவர் தவறிய பிறகு வெள்ளைப் பந்து எனக்கு நேர்கோட்டில், அளந்து வைத்தாற்போல் வந்து நின்றிருந்தது. நிஜமாகத் தவறுகிறவனுக்கு அவ்வளவு நேர்த்தியாகத் தவறத் தெரியாது.

"அப்பா, அது தவறினதா, தவற விட்டதா?"

அப்பா நாலு வீடு தாண்டும் வரை பேசவில்லை.

"மெம்பர் தோத்துட்டா முகம் வாடிப் போயிடும்மா. மறுநாள் ஜோடிக்கு என்னைக் கூப்பிட மாட்டார். கடைசிக் கறுப்பை விட்டுக் கொடுத்துக் கொடுத்துக் கை பழகிப் போச்சு."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. 31 வருஷத்தில் எத்தனை கறுப்பு! வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அப்பா தோற்றுவிட்டாரே என்று நான் அழுத நாட்களும் உண்டு.

"நான் மெம்பர் இல்லையே, அப்பா. கேரியர் கொண்டு வந்தவள்தானே" என்றேன்.

நாலாவது ஞாயிறு. தோற்றவர் சாயங்காலக் காப்பி போட வேண்டும் என்று பந்தயம். அப்பா சட்டைக் கையை மடித்துக் கொண்டார். அதற்குப் பிறகு என்ன சொல்ல! வெள்ளைப் பந்து அவர் சொன்ன இடத்தில் போய்ப் போய் நின்றது. ஒரு தடவை வெள்ளைக்கும் சிவப்புகளுக்கும் நடுவே பழுப்பை நிறுத்தி, நான் எந்தச் சிவப்பையும் நேராகத் தொட முடியாமல் செய்தார். இதற்குத்தான் 'ஸ்னூக்கர் பண்ணுவது' என்று பெயர். எனக்கு 11 புள்ளிதான் கிடைத்தது. பக்கத்து மேஜைப் பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள்.

கடைசிக் கறுப்பு சத்தமில்லாமல் விழுந்தது. அப்பா பழக்க தோஷத்தில் எண்ணிக்கைப் பலகையை நோக்கி நகர்ந்தார். நான் முந்திக் கொண்டேன். உள்ளே நின்று, பையன்களுக்கெல்லாம் கேட்கும்படி, "அப்பா ஐம்பத்தெட்டு!" என்று கூவினேன்.

"ஐம்பத்தேழு" என்றார் அப்பா. "நாலாவது சிவப்புக்கு அப்புறம் போட்டது கறுப்பு இல்லை, இளஞ்சிவப்பு. எண்ணிக்கையைச் சரியாச் சொல்லணும்மா."

திருத்திச் சொன்னேன். வீட்டுக்கு வந்து காப்பியும் நான்தான் போட்டேன். சர்க்கரை போதவில்லையாம்.