அப்பாவின் கடை

மாமியின் வீட்டு விறாந்தையில் ஒரு படம் தொங்குகிறது. எனக்கு அறிவு தெரிந்த நாளிலிருந்து அதே ஆணியில்தான் இருக்கிறது. சாரமும் கைமடித்த சேர்ட்டும் அணிந்த ஓர் இளைஞர், பலகைக் கதவு பூட்டிய கடையொன்றின் முன்னால் நிற்கிறார். அவர்தான் எனது அப்பா. (எங்கள் பக்கத்தில் வாப்பாவின் வாப்பாவைத்தான் அப்பா என்போம்.) கடையின் நெற்றியில் ஒரு பெயர்ப்பலகை. அதில் மூன்று ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன: டி, ஏ, எம். மிச்சப் பலகையைப் படத்தின் ஓரம் வெட்டிவிட்டது. தெரு போய் முடிகிற இடத்தில் ஒரு மணிக்கூட்டுக் கோபுரம்.

டி. ஏ. எம். என்பன அப்பாவின் பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகள். ஆகவே அது அப்பாவின் கடை. புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் அப்பாவுக்குக் கடை இருந்தது. ஊரவர் ஒருவரோடு பங்குக்கு நடத்தினார். ஒருநாள் அஸர் நேரத்தில் அவர் வெளியே போய்த் திரும்புவதற்குள் பங்காளி கதவைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டார். இதுதான் எங்கள் குடும்பத்துச் சரித்திரம். கோபுரத்து மணிக்கூடு நாலு பத்தைக் காட்டுவதால் நேரமும் பொருந்துகிறது. பூட்டிய அன்றைக்குப் படமெடுக்க ஆள் எங்கிருந்து வந்தது என்று சின்ன வயதில் கேட்டு ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

பங்காளியின் பிள்ளைகளை நாங்கள் மேட்டு வீட்டார் என்போம். ஒரே ஊர், ஒரே பள்ளிவாசல். ஆனால் கலியாணத்துக்குச் சொல்லிக்கொள்வதில்லை. ஜனாஸாவுக்குப் போவோம், தண்ணீர் குடிக்காமல் திரும்பிவிடுவோம். அந்த வீட்டுப் பேரன் இப்போது என்னிடம் பத்தாம் தரத்தில் வரலாறு படிக்கிறான்.

பழைய தெருப் படங்களில் எனக்குப் பைத்தியம் பிடித்தது அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில். அங்கே எங்களுக்கு வரலாறு எடுத்த விரிவுரையாளர் ஒருவர் பழைய தபாலட்டைகள் சேர்ப்பவர். அட்டையின் அடியில் அச்சிட்டிருக்கும் இடப்பெயரைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேட்பார். இது எந்த இடம்? எந்த ஆண்டுக்குப் பிந்தியது? எதை வைத்துச் சொல்கிறீர்? முதல் இரண்டுக்கும் சரியாக விடை சொல்லி மூன்றாவதில் விழித்தால் அவர் புள்ளி தரமாட்டார்.

கொழும்பின் பழைய படங்களைப் பார்ப்பவருக்குச் சில ஆணிகள் வேண்டும், படத்தை மாட்டுவதற்கு. கோட்டையில் சதாம் வீதிச் சந்தியில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம் ஓர் ஆணி. 1857இல் கட்டியது, 1867 முதல் வெளிச்ச வீடாகவும் வேலை செய்தது, 1952இல் விளக்கு ஓய்ந்தது. இன்றைக்கு உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஒடுங்கி நிற்கும் அதுதான் ஒருகாலத்தில் கடலிலிருந்து வருபவனுக்கு வழிகாட்டியது. யோர்க் வீதியில் கார்கில்ஸின் செங்கல் மாளிகை 1906இல் முடிந்தது. அது இல்லையென்றால் படம் அதற்கு முந்தியது. இரண்டாம் குறுக்குத் தெருவில் நம்மவர் சம்மாங்கோட்டுப் பள்ளி என்று சொல்லும் சிவப்புப் பள்ளிவாசல் 1908இல் தொடங்கி 1909இல் முடிந்தது. அதன் சிவப்பு வெள்ளைக் கோடுகள் கறுப்பு வெள்ளைப் படத்திலும் மறையாது. புறக்கோட்டை வாசலில் நிற்கும் கான் மணிக்கூட்டுக் கோபுரம் பம்பாய்ப் பார்சிக் குடும்பமொன்று தகப்பனின் ஞாபகமாகக் கட்டி 1923இல் நகர மக்களுக்குக் கொடுத்தது.

பிறகு டிராம் வண்டி. கொழும்பில் மின்சார டிராம் 1899இல் ஓடத் தொடங்கி 1960இல் நின்றது. 1953இல் வந்த ட்ரொலி பஸ் 1964 வரை ஓடியது. டிராமுக்குத் தண்டவாளமும் தலைக்கு மேலே ஒரு கம்பியும் போதும். ட்ரொலி பஸ்ஸுக்குத் தண்டவாளம் இல்லை, கம்பி மட்டும் இரண்டு வேண்டும். தெருவில் வண்டியே இல்லாவிட்டாலும் கம்பியை எண்ணிக் காலத்தைச் சொல்லலாம்.

தெருக்களின் பெயர்களை நம்பினால் வழி தவறும். குயின்ஸ் வீதி ஜனாதிபதி மாவத்தையாயிற்று. நொரிஸ் வீதி ஒல்கொட் மாவத்தையாயிற்று. டரட் வீதி தர்மபால மாவத்தை, பெய்லி வீதி முதலிகே மாவத்தை. படத்தின் அடியில் உள்ள வாசகத்தை அதைவிடவும் நம்பக்கூடாது. ஸ்கீன், ஸ்கோவன், பிளாட்டே என்று பெரிய கம்பனிகள் இருந்தன. கம்பனிகள் கைமாறும்போது கண்ணாடி நெகட்டிவ்களும் கைமாறும். பழைய படம் புதிய பெயரோடு வெளிவரும். அக்காலத்து வர்ணத் தபாலட்டைகள் பல ஜெர்மனியில் அச்சானவை. கொழும்பைக் கண்ணால் காணாத ஒருவர் அங்கிருந்து கொண்டு நமது சேலைக்கும் தலைப்பாகைக்கும் வர்ணம் பூசினார்.

படத்தில் திசை பிடிப்பதற்குப் பள்ளிவாசல் நல்ல துணை. மிஹ்ராப் மேற்கே, கொஞ்சம் வடக்குச் சாய்ந்திருக்கும். நிழலும் உதவும். ஆனால் நண்பகல் நிழலில் ஒரு கண்ணி இருக்கிறது. சூரியன் தெற்கே, நிழல் வடக்கே என்று குளிர் நாட்டுப் புத்தகத்தில் படித்ததை இங்கே ஒப்பித்தால் பிழைத்துப்போகும். கொழும்பு வட அகலாங்கு ஏழு பாகைக்குச் சற்றுக் குறைவு. ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து செப்டெம்பர் முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும். காலை நிழல் மேற்கே, மாலை நிழல் கிழக்கே என்பது மட்டும் வருடம் முழுக்க மாறாது.

இவ்வளவும் தெரிந்துகொண்டு ஊரார் படத்தையெல்லாம் ஆராய்ந்தேனே தவிர, மாமியின் சுவரில் தொங்கும் படத்தை ஆராய எனக்குத் தோன்றவில்லை. அதன் அடியில்தான் வாசகம் ஏற்கனவே எழுதியாயிற்றே.

போன வருடம் விறாந்தைக்குப் பெயின்ட் அடிக்கப் படத்தை இறக்கினார்கள். சட்டத்துக்குள் பூச்சி நுழைந்திருந்தது. ஸ்கேன் செய்து வைப்போம் என்று டவுனுக்கு எடுத்துப் போனேன். கணினித் திரையில் அதைப் பெரிதாக்கியபோது முதலில் கண்ணில் பட்டது அப்பாவின் கால் அருகே தரையில் ஓடிய தண்டவாளம். மேலே ஒரு கம்பி. இரண்டாம் குறுக்குத் தெருவில் டிராம் ஓடவில்லை. கைவண்டி நுழைந்தாலே ஆள் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டிய தெரு அது. டிராம் ஓடியது பிரதான வீதியில். தெரு முனையில் நிற்பது கான் கோபுரம். ஆகவே படம் பிடித்தவர் பிரதான வீதியில் கிழக்கே நின்று மேற்கு நோக்கிப் பிடித்திருக்கிறார்.

அது போகட்டும், தெருவின் பெயர்தானே மாறியது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்து நிழலைப் பார்த்தேன். அப்பாவின் நிழல் நீளமாகக் கோபுரத்தின் பக்கம், அதாவது மேற்கே, விழுந்திருக்கிறது. அது காலை நிழல். ஆனால் கோபுரத்து மணிக்கூடு நாலு பத்தைக் காட்டுகிறது.

எங்கள் பாடசாலையில் புவியியல் எடுக்கும் மாஸ்டரிடம் காட்டினேன். அவர் சிரித்தார். "கொழும்பில எந்தக் கோபுரத்து மணிக்கூடு ஒழுங்கா ஓடினது, மாஸ்டர்? நின்டு போயிருக்கும்" என்றார். நியாயமான பேச்சு. நின்றுபோன மணிக்கூட்டை வைத்து ஒன்றையும் நிறுவ முடியாது. இரண்டு நாள் அதை விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் இடைவேளையில் சோக்கட்டி எடுக்கச் சேர்ட் பொக்கட்டுக்குள் கை விட்டபோதுதான் மண்டையில் உறைத்தது. என் பொக்கட் இடது பக்கம். படத்தில் அப்பாவின் பொக்கட் வலது பக்கம்.

படம் இடம் வலம் மாறியிருந்தது. நெகட்டிவிலிருந்து பெரிதாக்கும்போது அதைப் புரட்டி வைத்துவிட்டால் அப்படித்தான் வரும். தெரு பார்ப்பதற்குத் தெருவாகவே இருக்கும், யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். நாலு பத்தைக் கண்ணாடியில் பாருங்கள், எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும். நிழலும் மணிக்கூடும் அப்போதுதான் ஒத்துப்போயின. அது காலை எட்டு மணியாகிறது. கடை பூட்டியிருப்பது இன்னும் திறக்கவில்லை என்பதால். பக்கத்துக் கடையின் பலகைகளும் பூட்டியேதான் இருக்கின்றன. இத்தனை வருடமாக எங்களில் ஒருவரும் பக்கத்துக் கடையைப் பார்க்கவில்லை.

பெயர்ப்பலகையைப் பற்றி நினைக்க எனக்கு விருப்பமிருக்கவில்லை. டி, ஏ, எம். மூன்றும் கண்ணாடியில் பார்த்தாலும் உருமாறாத எழுத்துகள். அதனால்தான் தப்பிவிட்டன. ஒரு எஸ் அல்லது ஆர் இருந்திருந்தால் படத்தை மாட்டிய அன்றே பிடிபட்டிருக்கும். எழுத்துகள் மாறவில்லை, வரிசை மாறியது. பலகையில் இருந்தது எம், ஏ, டி. அதற்குப் பிறகு என்ன எழுத்து வந்ததென்பது வெட்டுப்பட்டுவிட்டது. யாரோ ஒருவரின் பெயர் எழுத்தாக இருக்கலாம். பாய் விற்கும் கடையாக இருக்கலாம், தீப்பெட்டிக் கடையாகவும் இருக்கலாம். அப்பாவின் கடையல்ல.

பாடசாலை விடுமுறையில், ரயில் வாரண்டில் கொழும்புக்குப் போனேன். பிரதான வீதிக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் போக வேண்டும். மற்ற நாட்களில் தலையைத் தூக்கிப் பார்த்தால் நாட்டாமியின் வண்டி காலில் ஏறும். கீழே எல்லாம் கண்ணாடியும் பிளாஸ்டிக் பலகையுமாக மாறியிருக்கின்றன. மேல்மாடியைப் பார்க்க வேண்டும். விளம்பரப் பலகைகளுக்கு மேலே பழைய ஜன்னல் வளைவுகளும் இரும்புக் கைபிடிகளும் அங்கங்கே மிச்சமிருக்கின்றன. நான் சுவரில் தொங்கிய படத்தையே பார்த்துப் பழகியவன், பழக்க தோஷத்தில் இடது வரிசையையே ஒரு மணித்தியாலம் தேடினேன். பிறகு புத்தி வந்து, திருத்திய பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு வலது வரிசைக்குப் போனேன். கோபுரத்தின் பருமனைப் படத்தோடு ஒப்பிட்டு முன்னும் பின்னும் நடந்தேன். ஓரிடத்தில் மூன்று வளைவு ஜன்னல்கள், நடுவிலுள்ளது மட்டும் கொஞ்சம் அகலம். படத்திலும் அப்படியே. கீழே துணிக்கடை, இரும்புக் கதவு இறங்கியிருந்தது. அப்பா நின்ற இடத்தில் நின்று கோபுரத்தைப் பார்த்தேன். ஒரு காவலாளி என்ன தேடுகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். படத்தைக் காட்டினேன். அவர் படத்தையும் மாடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உங்கள் கடையா என்றார். இல்லை என்றேன். வாயால் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை.

திரும்பும் வழியில் பிரின்ஸ் வீதியில் டச்சு நூதனசாலையின் முன்னால் சற்று நின்றேன். ஒல்லாந்தர் காலத்தில் அது ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் இடமாகவும் இருந்திருக்கிறது. அங்கே படித்த வாத்திமாரும் விடுமுறைக்கு ஊர் போகும்போது ஏதாவது கெட்ட செய்தி கொண்டு போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பங்காளி ஏமாற்றவில்லை என்று இதனால் நிரூபணமாகாது. இரண்டாம் குறுக்குத் தெருவில் அப்பாவுக்குப் பங்கு இருந்திருக்கலாம். அது பறிபோயும் இருக்கலாம். எங்களிடம் அதற்குச் சாட்சியாக இருந்தது இந்தப் படம் ஒன்றுதான். இனி அது சாட்சியல்ல. அவ்வளவுதான். ஆனால் மேட்டு வீட்டார் வரும்போது நாங்கள் முகத்தைத் திருப்பியது அந்தச் சாட்சியை நம்பித்தான். என் வாப்பா மௌத்தான அன்று மேட்டு வீட்டு மூத்தவர் வந்து கடப்படியில் நின்றார். உள்ளே வாருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மாமியிடம் போனேன். திருத்திய பிரதியைக் கையில் கொடுத்து, ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். மாமிக்கு எழுபத்தாறு வயது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். கடையை அவர் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தையே பார்த்தார்.

"தழும்பு இடப்பக்கம் வந்திட்டுது" என்றார்.

அப்பாவின் புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு உண்டு.

"வாப்பாக்கு இடப்பக்கம்தான் மகன். சின்னதில நான் தடவிப் பாத்திருக்கன். படத்தில வலப்பக்கம் இருந்திச்சி. எனக்குத்தான் மறதி எண்டு நெனச்சிக்கொண்டிருந்தன். உங்கட வாப்பாவும் வலப்பக்கம் எண்டுதான் சொல்லுவாரு. எல்லாரும் வலப்பக்கம் எண்டாங்க. நானும் அப்பிடியே சொல்லப் பழகிட்டன்."

நான் பேசாமலிருந்தேன்.

"அப்ப இது யாருட கட?"

"தெரியாது மாமி."

"வாப்பா ஏன் அங்க போய் நின்டாரு?"

"வெளிச்சம் நல்லா இருந்திருக்கும். காலை வெயில்" என்றேன். வேறு விடை என்னிடம் இருக்கவில்லை.

மாமி பிரதியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தார். மேட்டு வீட்டுக் கூரை அங்கிருந்து தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, "எத்தின அடிச்சீங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு."

"மத்தது யாருக்கு?"

நான் பதில் சொல்லவில்லை. மாமியும் திரும்பக் கேட்கவில்லை. உள்ளே போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார். அந்த இரண்டாவது பிரதி பழுப்புக் கடித உறையில் இன்னும் என் பாடசாலைப் பையில்தான் கிடக்கிறது. திங்கட்கிழமை முதலாம் பாடவேளை பத்தாம் தரம்.